வரைவுத் திட்டத்தில் நம் சைட் மேல் ரோடு விழுந்தால்

பெங்களூருக்குப் புதிய மாஸ்டர் பிளான், 2041 வரைக்குமானது, வரப்போகிறது என்று மறுபடியும் பேச்சு அடிபடுகிறது. ஓசூர் ரோடு, பழைய மெட்ராஸ் ரோடு, தும்கூர் ரோடு, பல்லாரி ரோடு என்று நெடுஞ்சாலைகளை ஒட்டி ஒரு 30க்கு 40 அடி சைட் (வீட்டு மனை) வாங்கிப்போட்டுவிட்டு, "பத்திரம் கையில் இருக்கிறது, வரி கட்டுகிறோம், வேறென்ன" என்று இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நிறைய. போன வரைவுத் திட்டம் வந்தபோது நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதில் மூன்று வருஷத்துக்கு மேல் போனது, பணமும் போனது. அன்றைக்கு விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. 1996-ல் சேமிப்பையும் அம்மாவின் நகையையும் போட்டு, கே.ஆர்.புரம் தாண்டிப் பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு சைட் வாங்கினார். 2001-ல் சுரங்கத்தை மூடியபோது எங்களுக்குச் சொத்து என்று மிஞ்சியது அது ஒன்றுதான். விவசாய நிலத்தைக் குடியிருப்புக்கு மாற்றிய கன்வர்ஷன் ஆர்டர் இருந்தது. மாநகராட்சிக்கு பெட்டர்மென்ட் சார்ஜ் என்ற மேம்பாட்டுக் கட்டணம் கட்டி, அவர்கள் சொத்துப் பதிவேட்டில் முறையாகப் பெயர் ஏறியதைக் காட்டும் ஏ-காத்தாவும் வாங்கிவிட்டோம். 2017-ல் நானும் என் கணவரும் சேர்ந்து கீழே ஒரு கடை, மேலே வீடு என்று கட்ட முடிவு செய்தோம். அல்சூரில் வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்தது. என்ஜினியர் பிளான் போட்டுக் கொடுத்தார், 45,000 ரூபாய். வங்கியில் கடனுக்கு மனுப் போட்டோம், பிராசசிங் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 11,800. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

2017 டிசம்பரில் வங்கியின் வக்கீலிடமிருந்து போன் வந்தது. "மேடம், புது சி.டி.பி. டிராஃப்ட்ல உங்க சர்வே நம்பர் மேல ரோடு போகுது, பாத்தீங்களா?" என்றார். சி.டி.பி. என்றால் என்ன என்றுகூட அன்றைக்கு எனக்குச் சரியாகத் தெரியாது. நகரத்தில் எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் தொழிற்சாலை, எது பூங்கா, எது ரோடு என்று நிறம் போட்டுக் காட்டும் திட்டம் அது. சட்டப்படி இப்போது அதற்குப் பெயர் மாஸ்டர் பிளான். 1984-லும் 1995-லும் வந்தவற்றை சி.டி.பி. என்று சொல்லிப் பழகியதால் பெங்களூரில் புரோக்கர் முதல் வங்கி மேனேஜர் வரை இன்னும் அப்படியே சொல்கிறார்கள். 2007 ஜூனில் அரசு ஒப்புதல் கொடுத்த 2015-க்கான திட்டம்தான் நடப்பில் இருந்தது. அதை மாற்ற, 2031-க்கான வரைவை 2017 நவம்பர் கடைசியில் பி.டி.ஏ., அதாவது பெங்களூர் வளர்ச்சி ஆணையம், வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல 60 நாள் கொடுத்திருந்தது. அதில் பாதி அப்போதே போய்விட்டது. எங்கள் லேஅவுட்டில் ஒருவருக்கும் தெரியாது. கெஜட்டிலும் பேப்பரிலும் வந்திருக்கும், யார் பார்த்தது?

அன்று ராத்திரி வரைபடத்தை இறக்கிப் பார்த்தோம். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு உத்தேசச் சாலை எங்கள் சர்வே நம்பரை நெடுக்காக வெட்டிக்கொண்டு போனது. என் கணவர் ஜூம் செய்து செய்து பார்த்தார். எங்கள் சைட் அதற்குள் வருகிறதா, பக்கத்தில் நிற்கிறதா என்று புரியவே இல்லை. இங்கேதான் முதல் விஷயம். மாஸ்டர் பிளானில் கிராம சர்வே நம்பர் வரைக்கும்தான் தெரியும், சைட் நம்பர் இருக்காது. 1:10,000 அளவில் வரைந்த படத்தில் 1 மில்லிமீட்டர் கனமுள்ள கோடு தரையில் 10 மீட்டர். நம் 30 அடி சைட்டோ 9 மீட்டர் சொச்சம்தான். கோட்டின் கனத்துக்குள்ளேயே ஒரு வீடு காணாமல் போய்விடும். அதனால் போனில் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்து அழவும் வேண்டாம், நிம்மதியாகவும் வேண்டாம். லைசென்ஸ் உள்ள சர்வேயரைக் கூப்பிட்டு, கிராம வரைபடத்தையும் சர்வே கற்களையும் வைத்து நம் சைட் அந்த சர்வே நம்பருக்குள் எங்கே இருக்கிறது என்று அளந்து ஸ்கெட்ச் வாங்க வேண்டும். எங்களுக்கு 12,000 ஆனது. அந்த ஸ்கெட்சை வரைவுப் படத்தின் மேல் பொருத்திப் பார்த்தபோதுதான் சைட்டின் கிழக்குப் பாதி ரோட்டுக்குள் வருவது தெரிந்தது. வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் எது போகிறது, எது நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. நீங்கள் நிற்கும் இடம் எந்த சர்வே நம்பர் என்று தெரிந்துகொள்ள மட்டும் அரசின் திஷாங்க் ஆப் போதும்.

அடுத்த நாள் வங்கிக்குப் போனேன். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். "இது வரைவுதானே, சட்டமாகவில்லையே, 2007-ல் ஒப்புதலான திட்டப்படி எங்கள் இடம் குடியிருப்பு மண்டலம்தானே" என்று கேட்டேன். வக்கீல் ஒத்துக்கொண்டார். மேனேஜரும் ஒத்துக்கொண்டார். ஆனால் கடன் கிடையாது. "நாளைக்கு ஃபைனல் ஆனா எங்க செக்யூரிட்டி என்ன ஆகும்?" என்றார். பிராசசிங் கட்டணமும் திரும்பவில்லை. வரைவு என்பது சட்டத்தின் கண்ணில் வெறும் யோசனை. வங்கியும், வாங்க வருகிறவரும், ஏன், சொந்தக்காரர்களும் அதை முடிந்துபோன தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் மூன்று வருஷத்தை விழுங்கியது இந்த இடைவெளிதான். கட்டுவதாக உத்தேசம் இருப்பவர்கள், வரைவு வருகிறது என்ற பேச்சு இருக்கும்போதே பிளான் சாங்ஷனையும் கடனையும் முடித்துக்கொள்வது நல்லது. வரைவு வந்துவிட்ட பிறகு கடன் கேட்பதானால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே சர்வே நம்பரைக் கொடுத்து அவர்கள் வக்கீலின் கருத்தைக் கேட்டுவிடுங்கள்.

சேதி பரவியதும் லேஅவுட்டில் வதந்தி ஆரம்பித்தது. "இடத்தை எடுத்துக்கிட்டாங்க, டி.டி.ஆர்.னு ஒரு காகிதம் கொடுப்பாங்க, அவ்வளவுதான்" என்றார் ஒருவர். டி.டி.ஆர். என்பது பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கும், வேறிடத்தில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் உரிமைச் சான்று. இன்னொருவர் பெரிபெரல் ரிங் ரோடு கதையைச் சொல்லி பயமுறுத்தினார். தும்கூர் ரோட்டில் தொடங்கி பல்லாரி ரோடு, பழைய மெட்ராஸ் ரோடு வழியாக ஓசூர் ரோடு வரைக்கும் போடுவதாக 2005-ல் முதல் நோட்டிபிகேஷனும் 2007-ல் இறுதி நோட்டிபிகேஷனும் வந்த சாலை அது. அந்த நிலக்காரர்கள் பதினைந்து இருபது வருஷமாக விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் கிடக்கிறார்கள். இப்போது அதற்கு பெங்களூரு பிசினஸ் காரிடார் என்று பெயர். அந்தக் கதை உண்மைதான். எங்கள் நிலைமை அது இல்லை என்பது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது. மாஸ்டர் பிளான் வரைவில் கோடு போடுவது வேறு, நிலத்தைக் கையகப்படுத்த நோட்டிபிகேஷன் போடுவது வேறு. பி.டி.ஏ. சட்டத்தில் அதற்கு 17-வது பிரிவில் முதல் நோட்டிபிகேஷன், 19-வது பிரிவில் இறுதி நோட்டிபிகேஷன் என்று தனி வழி இருக்கிறது, சர்வே நம்பர் வாரியாக கெஜட்டில் வரும். "எங்கள் சர்வே நம்பர் மேல் அப்படி ஏதாவது இருக்கிறதா" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டர். ஒன்று கவனிக்க வேண்டும்: கர்நாடக விதிப்படி மனு 150 வார்த்தைக்குள், ஒரே விஷயத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும். கதையெல்லாம் எழுதினால் அதையே காரணம் காட்டித் திருப்பிவிடலாம். எங்களுக்கு "இல்லை" என்று எழுத்தில் பதில் வந்தது. அந்த ஒரு தாள் பின்னால் பெரிய உதவி செய்தது.

இதற்கிடையில் ஒரு புரோக்கர் வந்தார். "அக்கா, நீங்க ஏன் அலையறீங்க? மேலே ஆள் இருக்கு. கலர் மாத்திடலாம், மூணு லட்சம்" என்றார். அப்பா கட்டிலில் இருந்தபடியே, "கலர் மாத்தறதுக்கு இவன் என்ன பெயின்டரா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், மனசு ஆடியது என்பதை மறைக்க மாட்டேன். நில உபயோகத்தை மாற்ற சட்டத்தில் நேரான வழி உண்டு. கர்நாடக நகர ஊரமைப்புச் சட்டம் 14-ஏ பிரிவில் மனுப் போட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபணை கேட்பார்கள், அரசின் ஒப்புதல் வேண்டும். அதுவும் நடப்பில் உள்ள திட்டத்துக்குத்தான். வரைவில் கலர் மாற்ற யாரிடமும் தனியாகப் பணம் கட்டும் வழி கிடையாது. ஆட்சேபணை எழுதிக் கொடுப்பது ஒன்றுதான் வழி, அதற்குக் காசில்லை. எங்கள் வரிசையில் ஒருவர் அந்த ஆளிடம் ஒன்றரை லட்சம் கொடுத்தார். பிறகு வரைவையே அரசு திரும்பப் பெற்றபோது, "பாத்தீங்களா, நான் செஞ்ச வேலைதான்" என்று அந்த ஆள் மீதியையும் கேட்டாராம்!

ஆட்சேபணை எழுதுவதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். எங்கள் லேஅவுட்டில் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற வேலூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் மாமா. அவர்தான் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். "கஷ்டத்தை எழுதாதேம்மா, காரணத்தை எழுது. படிக்கிறவன் பிளானர். அவனுக்கு மாத்த ஒரு சாக்கு வேணும்." அப்பாவுக்கு இதில் பெரிய வருத்தம். இருபத்தைந்து வருஷம் பூமிக்கடியில் வேலை செய்து வாங்கிய இடம் என்று எழுதாமல் வேறெதை எழுதுவது என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் அதை ஒரு வரியாக வைத்துவிட்டு மற்றதெல்லாம் தரையில் இருப்பதை எழுதினோம். உத்தேசச் சாலை வரும் வழியில் ஏற்கெனவே எத்தனை வீடுகள், அவற்றுக்குக் கட்டட அனுமதி இருக்கிறதா, கொஞ்சம் மேற்கே ஏற்கெனவே உள்ள சாலையை அகலப்படுத்தினால் எத்தனை வீடு தப்பும், அந்தச் சாலை நெடுஞ்சாலையில் எங்கே சேருகிறது என்று படம் போட்டுக் காட்டினோம். கிரயப் பத்திரம், காத்தா, வரி ரசீது, கன்வர்ஷன் ஆர்டர், சர்வேயர் ஸ்கெட்ச், வரைவுப் படத்தில் எங்கள் இடத்தைச் சிவப்பில் வட்டமிட்ட பிரதி, எல்லாவற்றையும் இணைத்தோம். கன்னடத்தில்தான் எழுதினோம். மாமாவின் பேத்தி அழகாக எழுதிக் கொடுத்தாள். தமிழில் யோசித்து கன்னடத்தில் எழுதியதால் சில இடம் நாடக வசனம் மாதிரி இருந்தது, அதையெல்லாம் வெட்டினாள்.

கூட்டு மனு ஒன்று, ஒவ்வொரு சைட்காரரும் தனித்தனியாக ஒன்று என்று இரண்டு விதமாகவும் கொடுங்கள். கூட்டு மனுவில் நாற்பது கையெழுத்து இருந்தாலும் பதிவேட்டில் ஒரே எண்தான் விழும். இரண்டு பிரதி எடுத்துப் போய், தபால் பிரிவில் ஒன்றில் சீலும் தேதியும் பதிவு எண்ணும் வாங்காமல் திரும்பாதீர்கள். ஆன்லைனில் அனுப்பினாலும் கையில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். இறந்துபோனவர் பெயரில் காத்தா இருக்கும் சைட்காரர்கள் அந்த நேரத்தில் பட்ட அவஸ்தை தனிக் கதை. யார் கையெழுத்துப் போடுவது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை முடிவதற்குள் 60 நாள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வெறும் காத்திருப்பு. 2018 போனது, 2019 போனது. சென்னையில் இருக்கும் என் தம்பி, "வந்த விலைக்குத் தள்ளிவிடு அக்கா" என்றான். கேட்டவர்களும் சந்தை விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கேட்டார்கள். அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பதே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. உண்மையிலேயே ரோடு வரும் என்று நம்புகிறவர் பாதி விலைகூடக் கொடுப்பாரா? அதைச் சொல்லித்தான் அப்பாவையும் என்னையும் நானே தேற்றிக்கொண்டேன். வீட்டில் அந்த நாட்களில் நல்லபடியாகப் பேசிக்கொண்டதாக நினைவில்லை. யார் மேல் என்று தெரியாத கோபம் கணவர் மேலும் பிள்ளைகள் மேலும்தான் போய் விழுந்தது.

2020-ல் அரசு அந்த வரைவை ஒட்டுமொத்தமாகத் திரும்பப் பெற்றது. ஆயிரக்கணக்கான ஆட்சேபணைகளில் எங்களுடையதும் ஒன்று. அதனால்தான் நடந்தது என்று பெருமை பேச மாட்டேன். ஆக, 2007-ல் ஒப்புதலான திட்டமே தொடர்ந்தது. ஊரடங்கு தளர்ந்ததும் வேறொரு வங்கிக்குப் போனோம். வரைவைத் திரும்பப் பெற்ற அரசாணையின் பிரதி, நடப்புத் திட்டப்படி எங்கள் சர்வே நம்பர் குடியிருப்பு மண்டலம் என்று சொல்லும் நில உபயோகச் சான்றிதழ், கையகப்படுத்தல் இல்லை என்ற ஆர்.டி.ஐ. பதில், இந்த மூன்றையும் வைத்ததும் கடன் கிடைத்தது. 2017-ல் சதுர அடிக்கு 1,550 சொன்ன மேஸ்திரி 2021-ல் 1,900 என்றார். இடைப்பட்ட காலத்துக்குக் கட்டிய வாடகை மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். கடை கட்டும் யோசனையைக் கைவிட்டுவிட்டோம், கீழே ஒரு வீடு மட்டும்தான் எழுந்தது.

நெடுஞ்சாலை ஓரமாக இருப்பவர்கள் பார்க்க வேண்டியது இன்னும் சில உண்டு. 2015 திட்டத்தில் பெரிய சாலைகளை ஒட்டி மியூட்டேஷன் காரிடார் என்று ஒரு பட்டை இருக்கிறது. அதில் பெரிய வணிகக் கட்டடங்களுக்கு இடம் உண்டு, பின்னாலுள்ள வரிசை சாதாரணக் குடியிருப்பாக இருக்கலாம். "ரோட்டு மேல இருக்கு, கமர்ஷியல்தான்" என்று புரோக்கர் சொல்வதை நம்பி விலை கொடுக்காதீர்கள், சான்றிதழில் எந்த மண்டலம் என்று இருக்கிறதோ அதுதான். கலர் வணிகமாகவே இருந்தாலும் தேசிய நெடுஞ்சாலைக்குத் தனி விதி உண்டு. பொதுவாக நகர எல்லைக்கு வெளியே சாலையின் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடக் கோடு (அதற்குள் கட்டடம் கூடாது), 75 மீட்டர் வரை கட்டுப்பாட்டுக் கோடு (அதற்குள் கட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு). அடுத்தது ராஜகாலுவே, அதாவது மழைநீர்க் கால்வாய். தண்ணீரே ஓடாத ஓடை கிராம வரைபடத்தில் இருந்தால் அது ஓடைதான். 2015 திட்டப்படி பெரிய காலுவேக்கு 50, அடுத்ததற்கு 25, சிறியதற்கு 15 மீட்டர், ஏரிக்கு 30 மீட்டர் விட வேண்டும். 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்று கூட்டியது, 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த இடைக்காலத்தில் பயந்துபோய் விற்றவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

எந்த ஆணையத்தின் எல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொஸ்கோட்டே பக்கம் போனால் அங்கே தனித் திட்ட ஆணையம், தனி மாஸ்டர் பிளான். ஓசூர் ரோட்டில் சந்தாபுரா, அத்திபெலே பக்கம் ஆனேக்கல் ஆணையம், தும்கூர் ரோட்டில் நெலமங்களா, விமான நிலையப் பக்கம் இன்னொன்று. பெங்களூர் வரைவில் நம் ஊர் இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்துவிட்டதால், அடுத்த வரைவு வரும்போது ஆட்சேபணையை யாருக்கு அனுப்புவது என்பதைப் பழைய நினைவில் முடிவு செய்யாமல் கெஜட் அறிவிப்பில் உள்ள முகவரியைப் பார்த்தே அனுப்புங்கள்.

எங்கள் லேஅவுட்டில் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. குட்மார்னிங் படம் போட்டால் மாமா திட்டுவார். வாரம் ஒரு குடும்பம் முறை வைத்து இணையதளத்தையும் கன்னடப் பேப்பர் அறிவிப்புகளையும் பார்த்து, "ஒன்றுமில்லை" என்றாவது எழுத வேண்டும். எல்லோருடைய பத்திரமும் காத்தாவும் ஸ்கெட்சும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். வெளியூரில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன தடவை அந்த 60 நாள் கிறிஸ்துமஸிலும் பொங்கலிலும் வந்து விழுந்து பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். அடுத்தது எப்போது விழும் என்று தெரியாததால் ஆட்சேபணைக் கடிதத்தின் முதல் பக்கத்தைக்கூட, தேதியும் அறிவிப்பு எண்ணும் மட்டும் நிரப்பினால் போதும் என்கிற மாதிரி, மாமாவின் பேத்தி தயாராக வைத்திருக்கிறாள்.